பட்டமங்கலத் தெரு வீடு

(வாட்ஸ்அப் குழு, 9 பேர்)

அப்பா, காலை 5.48
எல்லோருக்கும் காலை வணக்கம். வரும் 28ம் தேதி ஞாயிறு எங்கள் பிளஸ் டூ செட் மாயவரத்தில் கூடுகிறது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் உடனே கிடைத்துவிட்டது. எங்களுடையது 1980 செட். தமிழ்நாட்டில் பிளஸ் டூ பரீட்சையை முதன்முதலில் எழுதியவர்கள் நாங்கள்தான். ஒரு மலர் போடுகிறார்கள். ஆளுக்கு அரைப் பக்கம் தங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரவேண்டும். நாளை இரவுக்குள் அனுப்ப வேண்டும். பழைய குரூப் போட்டோ யாரிடம் இருக்கிறது?

ராஜு சித்தப்பா, 6.02
வணக்கம் அண்ணே. டிரங்குப் பெட்டியில் இருக்கும்

லலிதா அத்தை, 6.03
எந்தப் பெட்டி

ராஜு சித்தப்பா, 6.03
பச்சை

லலிதா அத்தை, 6.04
அது உன்னிடம்தானே இருக்கிறது

ராஜு சித்தப்பா, 6.06
வீடு விற்றபோது அக்கா வீட்டுக்குப் போனது

வசந்தா அத்தை, 6.21
என் வீட்டுக்கு வந்தது பித்தளை அண்டா மட்டும். பெட்டி வரவில்லை.

லலிதா அத்தை, 6.22
எனக்கு அண்டாவும் வரவில்லை

அம்மா, 6.25
விடிந்ததும் விடியாததுமாக வீட்டுப் பேச்சு வேண்டாமே

அப்பா, 7.40
எழுதிவிட்டேன். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் 1962ல் பிறந்தேன். 1977 நவம்பர் 12, சனிக்கிழமை புயல் அடித்தபோது பத்தாம் வகுப்பு. நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட புயல் அது. எங்கள் வீட்டு ஓடுகள் பாதி தெருவில் கிடந்தன. அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த வாழைத் தோட்டம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. மூன்று நாளில் கடைமுகம், ஐப்பசிக் கடைசி நாள் காவிரி முழுக்கு. அந்த வருஷம் அப்பா துலாக் கட்டத்துக்குக் கிளம்பவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தே இருந்தார்.

1978ல் பிளஸ் ஒன் சேர்ந்தேன். எங்களுக்கு முந்தைய செட் பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போனார்கள். நாங்கள் இரண்டு வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் இருந்தோம். கேட்டுத் தெரிந்துகொள்ள மேலே ஒரு அண்ணன்மார் செட் இல்லை. கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று வாத்தியார்களுக்கே தெரியாது. பொறையாறு, செம்பனார்கோவில் பையன்கள் தரங்கம்பாடி ரயிலில் வருவார்கள். ரயில் தாமதமானால் முதல் பீரியடில் பாதி பெஞ்சு காலி. இப்போது அந்தத் தண்டவாளமே இல்லை.

1980ல் தேர்ச்சி பெற்று, வீட்டார் ஆதரவோடு பி.எஸ்சி. முடித்தேன். 1984ல் ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே தபால் சேவையில் வேலை. ஓடும் ரயிலில் ராத்திரி முழுக்க நின்றபடி கடிதம் பிரித்து அறையறையாகப் போட்டேன். 2022ல் ஓய்வு. ஒரு மகள், ஒரு மகன், இரண்டு பேரப்பிள்ளைகள். குறை ஒன்றும் இல்லை.

கார்த்தி, 7.52
அப்பா இது அரைப் பக்கமா

ராஜு சித்தப்பா, 7.53
அருமை அண்ணே. ஸ்கைலாப் விட்டுப்போச்சு

நான், 7.54
அது என்ன சித்தப்பா?

ராஜு சித்தப்பா, 7.58
அமெரிக்காக்காரன் விட்ட விண்வெளிக் கூடம். 79 ஜூலையில் நம் தலையில் விழப்போகிறது என்று ஊரே பயந்தது. தெருவில் அவனவன் கோழியை அடித்துத் தின்றான். பாட்டி வீட்டிலிருந்த வெல்லம் முழுவதையும் போட்டுப் பாயசம் வைத்துவிட்டார்

லலிதா அத்தை, 7.59
நான்கு டம்ளர் குடித்தவன் இவன்

அப்பா, 8.01
ஜூலை 11, ராத்திரி பத்து மணி வாக்கில். ஆஸ்திரேலியா பக்கம் விழுந்தது. மறுநாள் காபிக்குப் போட வெல்லம் இல்லை.

கார்த்தி, 8.03
இதைப் போடுங்கள் அப்பா. இதுதான் படிக்க நன்றாக இருக்கும்

லலிதா அத்தை, 8.30
ஒன்று கேட்கலாமா. வீட்டார் ஆதரவு என்றால் யார்?

ராஜு சித்தப்பா, 8.31
லலிதா

லலிதா அத்தை, 8.31
கேட்டது தப்பா

வசந்தா அத்தை, 8.45
அதெல்லாம் இப்போது எதற்கு. நன்றாக எழுதியிருக்கிறாய் தம்பி. பேரப்பிள்ளைகள் பெயரைச் சேர்த்துக்கொள்.

அம்மா, 8.50
திருக்கடையூரில் எடுத்த அறுபதாம் கல்யாணப் போட்டோவையும் மலருக்குக் கொடுக்கலாம் அல்லவா

ராஜு சித்தப்பா, 8.52
அதில் நான் கண் மூடியிருக்கிறேன் அண்ணி

நான், பிற்பகல் 1.15
அப்பா சாப்பிட்டாரா அம்மா? காலையிலிருந்து பதிலே இல்லை

அம்மா, 1.20
சாப்பிட்டார். மொட்டைமாடியில் இருக்கிறார்

அப்பா, இரவு 8.10
லலிதா கேட்டது சரிதான். பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

புயல் வந்த வருஷம் அக்கா ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வாழை போன பிறகு இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று அப்பா சொன்னார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, மறுநாளிலிருந்து போகவில்லை. நோட்டுப் புத்தகத்தில் எழுதாத பக்கங்களைக் கிழித்துத் தைத்து என்னிடம் கொடுத்தது. நான் அதில் கணக்குப் போட்டேன். 80ல் கல்லூரியில் சேரப் பணம் இல்லை. அக்காவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. மீட்கவே இல்லை. அடுத்த வருஷம் ஆக்கூருக்குக் கல்யாணமாகிப் போனபோது கண்ணாடி வளையல்தான் போட்டுக்கொண்டு போனது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை கிடைத்ததும் வாங்கித் தரவேண்டும் என்று நினைத்தேன். முதலில் லலிதா கல்யாணம், அப்புறம் மீனா பிறந்தாள், அப்புறம் அப்பா ஆஸ்பத்திரி. 45 வருஷம் போய்விட்டது. இதை எழுதாமல் அந்த மலரில் என் பெயர் வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்தி, 8.14
எனக்கு இது எதுவும் தெரியாது அத்தை

நான், 8.15
எனக்கும்

லலிதா அத்தை, 8.16
எனக்குப் பதினொரு வயது. அடகுக் கடைக்கு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போனவள் நான்தான்

வசந்தா அத்தை, 8.40
இப்படி எல்லோரும் அழுதால் நான் குழுவிலிருந்து போய்விடுவேன்.
தம்பி, நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 82 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்ததால்தான் எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. 35 வருஷம். முட்டை வந்தது 89ல், இரண்டு வாரத்துக்கு ஒன்று. அன்று ஒரு பிள்ளைகூட லீவு போடாது. ஒரு பையன் முட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துத் தங்கைக்குக் கொண்டுபோவான். அவனுக்குத் தெரியாமல் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைப்பேன். இப்போது கடைவீதியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுகிறான். டீச்சர் ஆகியிருந்தாலும் அவன் இறங்கியிருப்பான், அவ்வளவுதான்.

ராஜு சித்தப்பா, 8.42
அக்கா

வசந்தா அத்தை, 8.44
என்ன

ராஜு சித்தப்பா, 8.44
ஒன்றுமில்லை

அப்பா, 8.50
எழுதலாமா அக்கா?

வசந்தா அத்தை, 8.58
வளையல் என்று போடாதே. அப்பாவைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள். அவர் வேறு என்ன செய்திருக்க முடியும். நோட்டைப் பற்றி வேண்டுமானால் எழுது.

லலிதா அத்தை, 8.59
வளையலையும் எழுத வேண்டும்

வசந்தா அத்தை, 9.00
நீ சும்மா இரு

ராஜு சித்தப்பா, 9.35
(படம்)
பெட்டி என் பரண் மேல்தான் இருந்தது. மன்னிக்கவும்

லலிதா அத்தை, 9.35
பார்த்தாயா!!

அப்பா, 9.41
கிரகணத்துக்கு முதல் நாள் எடுத்த படம். 1980 பிப்ரவரி 15. மறுநாள் பாட்டி எங்களை உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போட்டுவிட்டார். பின்வரிசையில் வலது ஓரம் நான். எனக்குப் பக்கத்தில் நிற்பவன் போன வருஷம் போய்விட்டான். 42 பேரில் 11 பேர் இப்போது இல்லை. சொந்த ஊரிலேயே இருப்பவர்கள் ஏழு பேர்.

வசந்தா அத்தை, 9.47
அந்தக் கோடு போட்ட சட்டை நான் தைத்தது. காலர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். பெரிதாக்கிப் பார்.

நான், 9.48
ஆமாம் அத்தை, இடது பக்கம்!

அப்பா, 9.52
அக்கா, 28ம் தேதி நீயும் வரவேண்டும். குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக்கூருக்கு நானே கார் எடுத்து வருகிறேன்.

வசந்தா அத்தை, 9.55
உங்கள் செட்டில் நான் எதற்கு

ராஜு சித்தப்பா, 9.56
நானும் வருகிறேன். உழவன் எக்ஸ்பிரஸில் இடம் இருக்கிறதா பார்க்கிறேன்

லலிதா அத்தை, 9.57
பஸ்ஸில் வா. பெட்டியையும் கொண்டு வா

ராஜு சித்தப்பா, 9.58
பஸ்ஸில் பெட்டியா

அம்மா, 9.59
எல்லோரும் வந்தால் சனிக்கிழமையே வந்துவிடுங்கள். எத்தனை பேர் என்று சொன்னால் மாவு அரைத்துவிடுவேன்

கார்த்தி, 10.01
அப்பா, மலரில் எதைப் போடப் போகிறீர்கள்

அப்பா, 10.06
நோட்டு கட்டாயம் உண்டு. வளையல், அக்கா சொன்னால்.

லலிதா அத்தை, 10.07
அக்கா வருகிறாயா இல்லையா

வசந்தா அத்தை, 10.20
பார்க்கலாம். தம்பி, மாத்திரை போட்டாயா?