டிஸ்பேஸ் களஞ்சியம்: கூட்டு மின்நூலகத்துக்கு 100 பதிவுகளுக்கு மேல் போகவில்லை

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் பணிபுரிகிறேன். டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் இயங்கும் எங்கள் மின்களஞ்சியத்தில் 1,240 பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் காவிரிப் பாசனம், கடைமடை வேளாண்மை பற்றிய ஆய்வேடுகள். பலவற்றுக்கு வேறெங்கும் படி கிடையாது. கல்லூரிகளின் கூட்டு மின்நூலகம் ஓஏஐ-பிஎம்எச் (களஞ்சியங்களின் பதிவு விவரங்களைப் பகிரும் நெறிமுறை) வழியாக இவற்றின் விவரங்களை அறுவடை செய்கிறது, அதாவது பக்கம் பக்கமாகத் தானே திரட்டிக்கொள்கிறது. மூன்று வாரங்களாக முதல் 100 பதிவுகளோடு அறுவடை நின்றுவிடுகிறது. திருவாரூர், நாகப்பட்டினம் மாணவர்கள் தேடினால் மற்ற ஆய்வேடுகள் தென்படுவதே இல்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலத்தில் இது பெரிய இழப்பு.

டிஸ்பேஸ் 6.3, அதை இயக்கும் டாம்கேட் 8, உபுண்டு 20.04. டாம்கேட்டுக்கு முன்னால், வெளிக் கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் என்ஜின்எக்ஸ். கடந்த மாதம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினோம். அதன் பிறகுதான் இந்தச் சிக்கல்.

ஓஏஐ தற்காலிகச் சேமிப்பை அழித்தேன். அட்டவணையை முழுதாகத் துடைத்து மீண்டும் ஏற்றினேன்; 1,240-உம் சரியாக ஏறின. அமைப்புக் கோப்பில் புதிய முகவரியைக் கொடுத்து டாம்கேட்டை மறுதொடக்கம் செய்தேன். சர்வரிலேயே 8080 போர்ட் வழியாகப் பார்த்தால் இரண்டாம் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. வெளியிலிருந்து கேட்டால் மட்டும் 403 (அனுமதி மறுப்பு) பிழை. முதல் பக்கத்துக்கு அந்தப் பிழை வருவதில்லை. அடுத்த பக்கத்தைக் கேட்க அனுப்பும் தொடர் டோக்கனில் நான்கு சாய்கோடுகள் (/) அடுத்தடுத்து வருகின்றன. என் சந்தேகம் அதன்மேல்தான். ஆனால் என்ஜின்எக்ஸ் அமைப்பில் அதைத் தடுக்கும் வரி எதுவும் என் கண்ணில் படவில்லை.

சாய்கோடுகள் உள்ள டோக்கனை என்ஜின்எக்ஸ் தடுக்காமல் டாம்கேட்டுக்கு அனுப்ப எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?