தை மாதம் உதகையில் ஓட என்ன உடுத்துவது?

குழுவில் உள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திருப்பூர். மார்கழிப் பனியில் விடியற்காலை ஓடுவதுபோல் சுகம் வேறெதிலும் இல்லை என்பேன். இங்கே ஒரு பனியனும் அரைக்கால் சட்டையும் போதும். தை மாதம் தங்கையுடன் ஒரு வாரம் உதகையில் தங்கப் போகிறேன். 2,240 மீட்டர் உயரம். பள்ளமான புல்வெளிகளில் அப்போது உறைபனி படியும். அங்கேயும் காலையில் ஓடியே ஆக வேண்டும் என்று இருவருக்கும் ஆசை.

பருத்தி வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே முதுகில் ஒட்டிக்கொள்ளும். மேடு ஏறும்போது தெரியாது, இறக்கத்தில் காற்று அடித்ததும் சில்லிட்டுவிடும். ஆகவே உள்ளே மெல்லிய பாலியஸ்டர் முழுக்கைச் சட்டை, மேலே காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் என்று நினைத்திருக்கிறேன். கிளம்பும்போது கொஞ்சம் குளிர்ந்தால்தான் உடை சரி, ஓட ஓடச் சூடேறிவிடும் என்பார்கள். உறைபனிக்கும் அந்தக் கணக்குப் பொருந்துமா? கம்பளி ஸ்வெட்டர் இல்லாமல் அனுப்ப மாட்டேன் என்கிறார் அம்மா. காதுக்குக் குல்லா சரி. ஸ்வெட்டர் ஓட்டத்துக்குக் கனம்.

கையுறை கட்டாயமா? ஈரத் தார்ச்சாலையில் எந்த மாதிரி ஷூ வழுக்காது? திருப்பூரில் அந்த முழுக்கைச் சட்டை சில்லறையில் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. தங்கைக்கு இளைப்பு உண்டு. மருத்துவர் ஓடலாம் என்றிருக்கிறார்; மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளச் சொன்னார். அப்படி ஓடியவர்கள் இருந்தால், மூச்சு முட்டியதா, எந்தத் துணி வசதியாக இருந்தது என்பதை முதலில் எழுதுங்கள்.