மறு: ‘ஸ்போர் பிரிண்ட்’ – வித்திக்கோலம் எனலாமா?

> ‘வித்து அச்சு’ என்று நேராகச் சொல்லிவிட்டால் என்ன? கோலம் கீலம் என்று அழகு பார்ப்பது கலைச்சொல்லுக்கு அவசியமா?

வணக்கம் ஐயா,

அழகும் வேண்டும் என்பேன். ஆனால் அதற்காக மட்டும் ‘வித்திக்கோலம்’ என்று கேட்கவில்லை. காளான் இனம்பெருக்க உதிர்க்கும் நுண்தூள்தான் ஸ்போர்; அது தாளில் விழுந்து படியும் பதிவே ‘ஸ்போர் பிரிண்ட்’. அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மழை விட்டதும் எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டுப் புல்தரையில் காளான் குடை குடையாக எழும்புகிறது. வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், காம்பில் ஒரு வளையம். முற்றிய ஒன்றைப் பறித்து, காம்பை நறுக்கிவிட்டு, செவுள் (குடையின் அடியிலுள்ள மெல்லிய மடிப்புகள்) கீழே பார்க்கத் தாளில் வைத்து, காற்றுப் படாமல் பெரிய கிண்ணத்தால் மூடினேன். தாள் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. வெளிர்தூள் விழுந்தாலும் தெரிய வேண்டுமே. காலையில் குடையைத் தூக்கினால், நடுவிலிருந்து விளிம்புவரை மெல்லிய கோடு கோடாக, மங்கிய பச்சைத் தூள். விரல் பட்டால் கலைந்துவிடும். அத்தனை அழகு!

அந்தப் பச்சையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டேன்: க்ளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் படுத்திவிடும். இதே சாயலில் உண்ணத்தக்க மாக்ரோலெபியோட்டா ஸெய்ஹெரியும் இங்கே உண்டு. அதை இந்நாட்டில் ‘பாப்படம்’ என்பார்கள், நம் அப்பளம்தான்! அதன் தூள் வெள்ளை. இளசாக இருக்கும்போது இரண்டுக்கும் செவுள் வெள்ளைதான், பார்த்துப் பிரிப்பது கடினம். அதற்காக வெள்ளைத் தூள் என்றால் சாப்பிடலாம் என்று ஆகாது. கேப் பகுதியில் ஓக் மரத்தடியில் வளரும் அமனிட்டா ஃபல்லாய்டிஸ் ஆளையே கொல்லும். அதற்கும் வெள்ளைத் தூள்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அச்சு என்றால் அழுத்திப் பதிப்பது. இங்கே யாரும் எதையும் அழுத்தவில்லை, தூள் தானாக உதிர்ந்து கோடாகப் படிகிறது. பொடி விழுந்து கோடாவதைக் கோலம் என்றுதானே சொல்கிறோம்? ‘வித்து’ என்று எழுதினால் பலரும் விதை என்று படிப்பார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஸ்போருக்கு ‘வித்தி’ இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். ‘செவுள்’ ஏற்கெனவே பழகிய சொல், அதைத் தொட வேண்டாம்.

கோலம் என்றால் வடிவம்தான் மனதில் நிற்கும், நிறம் பின்னுக்குப் போய்விடும் என்று இன்னொரு அன்பர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. நிறத்தை முன்னால் சேர்த்துவிட்டால் போதும்: பச்சை வித்திக்கோலம், வெள்ளை வித்திக்கோலம். கடையில் வாங்கும் பட்டன் காளான் நன்றாக விரிந்தபின் தருவது கரும்பழுப்பு வித்திக்கோலம்.

அப்புறம், வினை. கோலம் போடுவது காளான், எடுப்பது நாம். ஆகவே செய்முறைக் குறிப்புகளில் ‘வித்திக்கோலம் எடுக்கவும்’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை.