கண்ணிவெடி ஏற்றிப் போன வண்டி கவிழ்ந்தது: போர்க்காயமா, பணி விபத்தா?

சேப்பர்2002
எல்லோருக்கும் வணக்கம். பொறியாளர் படையில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். 2002இல் ஆபரேஷன் பராக்ரம் (பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த நடவடிக்கை) சமயத்தில் ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைக்கும் வேலையில் இருந்தோம். ஒரு ராத்திரி, விளக்கு போடாமல் வெடிகளை ஏற்றிக்கொண்டு போன த்ரீ டன்னர் லாரி மணல்மேட்டில் கவிழ்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகுத்தண்டில் அடி. அப்புறம் லோ மெடிக்கல் கேட்டகரியிலேயே, அதாவது முழு உடல்தகுதி இல்லாதவன் என்ற நிலையிலேயே, சர்வீஸ் முடித்தேன். ஓய்வின்போது பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு ஊனம் 30 சதவீதம், ஆயுளுக்கும், பணியால் ஏற்பட்டது என்று எழுதியது. ஊனமுற்றோர் பென்ஷனும் வருகிறது. பிரச்சினை வகையில்தான். என்னை ‘சி’ வகையில், அதாவது பணியின்போது நடந்த விபத்தில் போட்டிருக்கிறார்கள். ‘ஈ’ வகைக்கு, போர்க்காயத்துக்கு, மாற்றக் கேட்டேன். “எதிரி நடவடிக்கை இல்லை, ஆகவே இயலாது” என்று ஒரே வரியில் பதில். மேலே போகலாமா?

கார்கில்99
தம்பி, மனசு நோகச் சொல்லவில்லை. ஆனால் பதில் சரிதான். அரசு வண்டியில் பணி நிமித்தமாகப் போகும்போது விபத்து என்றால் அது ‘சி’ என்று 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக உத்தரவிலேயே பச்சையாக இருக்கிறது. உங்களுக்கு நடந்தது அதுதானே? 1999இல் என் பக்கத்தில் நின்றவன் குண்டு வாங்கினான். அவனுடைய தாளில் இருக்கிற சொல்லும் உங்கள் தாளில் இருக்கிற சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறீர்களா? எல்லைப்பக்கம் வண்டி ஓட்டிக் கவிழ்ந்த ஒவ்வொருவரும் நாளைக்கு வந்து நிற்பார்கள்.

ஹெட்கிளர்க்
சாப், அதே உத்தரவை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் படிக்க வேண்டும். ‘ஈ’ வகையில் எதிரியோடு போர் மட்டுமா இருக்கிறது? வெளிநாட்டு அமைதிப்படை, எல்லை மோதல், நிஜத் தோட்டா, வெடிமருந்தோடு நடக்கும் பயிற்சி, கலவரத்தை அடக்கப் போனது எல்லாம் இருக்கிறது. பயிற்சியில் எந்த எதிரி வந்தான்? “எதிரி நடவடிக்கை இல்லை” என்று மறுத்தவர் அந்தப் பட்டியலின் முதல் வரியோடு நிறுத்திவிட்டார்.

முக்கியமான விஷயம் இதுதான். கண்ணிவெடி பதிக்கும்போதோ அகற்றும்போதோ ஏற்படும் மரணம், ஊனம் ஒரு உட்பிரிவு. வெடி தவறுதலாக வெடித்து ஏற்படுவது அதற்கு அடுத்த தனி உட்பிரிவு. வெடித்தால்தான் கணக்கு என்றால் இரண்டாவதே போதுமே, முதலாவது எதற்கு? பதிக்கும் வேலையில் வேறு விதமாக அடிபட்டவனுக்கும் இடம் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கணக்கர்
பென்ஷன் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஹெட்கிளர்க் சார் வாசிப்பு கெட்டிக்காரத்தனமானது, ஆனால் ஓட்டை இருக்கிறது. “பதிக்கும்போது” என்றால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? குழி தோண்டுவதா, கிடங்கில் ஏற்றுவதா, ரயில் நிலையத்தில் பெட்டியை இறக்குவதா? கோட்டை எங்கேயாவது போட்டாக வேண்டும். வண்டிப் பயணத்துக்கு ‘சி’யில் தனியாக வரி இருக்கும்போது, பொதுவான வாசகத்தை இழுத்து நீட்டி அதை விழுங்கவிட முடியாது.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். பதவிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு நூறு சதவீத ஊனத்துக்குச் சாதாரண ஊனப் பகுதி கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். போர்க்காயப் பகுதி 60 சதவீதம். இவருடைய 30 சதவீத ஊனம், 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். அதாவது இப்போது கடைசி ஊதியத்தில் 15 சதவீதம் வருகிறது, கேட்பது 30. சரியாக இரட்டிப்பு. அரசு ஏன் கறாராக இருக்கிறது என்று புரிகிறதா?

சேப்பர்2002
பணத்துக்காகத்தான் சார் கேட்கிறேன். முதுகு வலிக்குப் பணம் வேண்டியிருக்கிறது, அதில் என்ன ஒளிவு? கார்கில் சாப் சொல்வது மரியாதை விஷயம். அவர் பக்கத்தில் நின்றவருக்குக் கிடைத்ததை நான் குறைக்கச் சொல்லவில்லையே.

கார்கில்99
பணம் கேட்பதைத் தப்பு என்று நான் சொன்னேனா? ‘சி’யின் தொகையை உயர்த்தக் கேளுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் போர்க்காயம் என்ற பெயரை விரித்துக்கொண்டே போனால் அதற்கு அர்த்தம் மிஞ்சாது.

பனிமலை
சியாச்சினில் இருந்தவன். 2016 பிப்ரவரியில் சோனம் நிலையில் பனிச்சரிவு. மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆவது பட்டாலியன் ஆட்கள் பத்துப் பேர் போனார்கள். ஒரு தோட்டாகூட பறக்கவில்லை. அந்தப் பனியில் செத்தவர்கள், குண்டடி பட்டுச் செத்தவர்களைவிட அதிகம் என்பது படையில் எல்லோருக்கும் தெரியும். அவர்களும் விபத்தா சாப்?

கார்கில்99
அதையும் இதையும் சேர்க்காதீர்கள். அந்த உயரத்தில் ஒருவன் நிற்பதே எதிரி எதிரே நிற்பதால். மலையே ஆளைக் கொல்லும். ராஜஸ்தான் மணலில் வண்டி கவிழ்வது டிரைவர் கோளாறாகவும் இருக்கலாம்.

ஹெட்கிளர்க்
அப்படியானால் ஒரு கேள்வி சாப். அந்த வண்டி ஏன் விளக்கில்லாமல் போனது? பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லைப் பதற்றம் இல்லாத முகாமில், யாராவது இருட்டில் விளக்கை அணைத்து ஓட்டச் சொல்வார்களா? எல்லைக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதால்தானே? மலை கொன்றால் எதிரி கணக்கு, இருட்டு கவிழ்த்தால் டிரைவர் கணக்கா?

கார்கில்99
நல்ல கேள்வி. ஆனால் விளக்கை அணைக்கச் சொன்ன உத்தரவு தாளில் இருக்கிறதா? இருபது வருஷம் கழித்து வாயால் சொன்னால் யார் ஏற்பார்கள்? டிரைவர் தூங்கியிருக்கலாம். ஹெட்லைட் ஃப்யூஸ் போயிருக்கலாம்.

கருப்புக்கோட்டு
வழக்கறிஞர். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

இந்த மாதிரி வழக்கில் எல்லோரும் தரம்வீர் சிங் தீர்ப்பை எடுத்து வீசுவார்கள். ஐயா விஷயத்தில் அதற்கு வேலையே இல்லை. 2013இல் வந்த அந்தத் தீர்ப்பு, ஊனம் பணியால் வந்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் பலன் வீரருக்குப் போக வேண்டும் என்பது. இங்கே மெடிக்கல் போர்டே பணியால் வந்தது என்று எழுதிவிட்டது. சதவீதத்தையும் யாரும் தொடவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: அந்த இரவில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? அது டாக்டர் சொல்ல வேண்டியது இல்லை. யூனிட் தாள்கள் சொல்ல வேண்டியது.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்தது. கட்டுப்பாட்டுக் கோடு அருகே ரோந்து போன வீரர் கடும் குளிரில் மூச்சுத் திணறி இறந்தார். முதலில் பேட்டில் கேஷுவல்டி (போர் இழப்பு) என்று எழுதி, பிறகு பிசிக்கல் கேஷுவல்டி (போர் சாராத இழப்பு) என்று மாற்றிவிட்டார்கள். மனைவிக்குத் தாராளமயக் குடும்ப பென்ஷன் (போர் இழப்புக்கான கூடுதல் குடும்ப பென்ஷன்) தரச் சொன்ன ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து அரசு மேல்முறையீடு போனது. தள்ளுபடி ஆனதோடு 50,000 ரூபாய் செலவுத்தொகையும் கட்டச் சொன்னார்கள்.

கணக்கர்
அந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவாது வக்கீல் சார். தட்பவெப்பத்தால் வரும் நோய், போர் இழப்பு எது என்று சொல்லும் ராணுவ ஆணையின் பட்டியலிலேயே இருந்ததால்தான் அந்த அம்மா ஜெயித்தார். வண்டி விபத்து அந்த வரியில் இல்லை.

கருப்புக்கோட்டு
ஒத்துக்கொள்கிறேன், நேரடியாகப் பொருந்தாது. “தோட்டா இல்லை, ஆகவே இல்லை” என்ற ஒற்றை வரி மறுப்பு நிற்காது என்று காட்டத்தான் அது. பாரத்தைச் சுமக்க வேண்டியது கண்ணிவெடி உட்பிரிவுதான். ‘ஈ’ வகையில் இருக்கிற “அரசு அறிவித்த ஆபரேஷன்” என்ற வரியை முதல் வாதமாக வைக்க வேண்டாம் ஐயா. அதற்கான அரசு உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

விபத்து அறிக்கை, அதாவது ஐஏஎஃப்ஒய் 2006 படிவம், கோர்ட் ஆஃப் என்கொயரி (யூனிட் உள்விசாரணை) நடவடிக்கை, அந்த மாதத்து பார்ட் டூ ஆர்டர் (வீரர்களின் பணி விவரங்களைப் பதியும் யூனிட் ஆணை), வண்டியின் ஓட்டப் பதிவான கார் டைரி, எது இருக்கிறது உங்களிடம்?

சேப்பர்2002
முதல் இரண்டும் இருக்கிறது. 2006 படிவத்தில் “பணியில் இருந்தார், வண்டி விபத்து” என்று மட்டும். அவசரத்தில் நிரப்பியது போல. கோர்ட் ஆஃப் என்கொயரியில் நிறைய இருக்கிறது. “மைன் டம்ப்பிலிருந்து (கண்ணிவெடி குவித்து வைத்த இடம்) பதிக்கும் இடத்துக்கு இரவு நகர்வு, விளக்கு இன்றி” என்று கம்பெனி கமாண்டர் சாட்சியம். கவிழ்ந்த பிறகு சிதறிய வெடிகளை எண்ணிச் சரிபார்த்து, அதே இரவு வேறு வண்டியில் ஏற்றிப் போய்ப் பதித்தார்கள் என்பதும் இருக்கிறது. டிரைவர் மேல் குற்றம் இல்லை என்று முடித்திருக்கிறார்கள்.

ஹெட்கிளர்க்
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை! அதே இரவு அதே வெடி பதிக்கப்பட்டிருக்கிறது. கணக்கர் சார் கேட்ட கோடு இதோ. ரயில் நிலையம் இல்லை, கிடங்கு வேலை இல்லை, பதிக்கிற இடத்துக்கு நேராகப் போன வண்டி.

கணக்கர்
முன்னைவிட வலுவாக இருக்கிறது, மறுக்கவில்லை. நான் அந்த இருக்கையில் இருந்திருந்தால் அப்போதும் ‘சி’ என்றுதான் எழுதியிருப்பேன், ஏனென்றால் என் முன்னால் வந்தது 2006 படிவம் மட்டும். மாற்ற வேண்டியது தீர்ப்பாயம்.

கருப்புக்கோட்டு
அந்த இடத்தில்தான் இத்தகைய வழக்குகள் சிக்குகின்றன. ஐயா, உங்கள் கோரிக்கையை மறுபடி அனுப்பும்போது கருணை கேட்டு எழுத வேண்டாம். கமாண்டர் சாட்சியத்தை இணைத்து, கண்ணிவெடி உட்பிரிவைக் குறிப்பிட்டு, காரணம் சொல்லி முடிவெடுக்கக் கேளுங்கள். கார் டைரியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மேல்முறையீடு, பிறகு சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வு. மாதாமாதம் தொடரும் பாக்கி என்பதால் தாமதத்தைக் காரணம் காட்டி அடியோடு தள்ளுவது கடினம். ஆனால் நிலுவைத்தொகை, மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். 2008இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் வரையறுத்தது. ஒவ்வொரு மாதமும் சும்மா இருந்தால் ஒரு மாதப் பாக்கி போகும்.

கார்கில்99
என் கருத்து மாறவில்லை. ரேஷன் எடுக்கப் போன வண்டி கவிழ்ந்து ‘ஈ’ கேட்டால் இப்போதும் எதிர்ப்பேன். உங்கள் தாளில் இருப்பது ரேஷன் வண்டி இல்லை, அதனால் உங்களோடு சண்டை இல்லை தம்பி. அந்த டிரைவருக்கு என்ன ஆச்சு?

சேப்பர்2002
கால் முறிந்தது சாப். அவருக்கும் ‘சி’தான். அவர் எங்கேயும் மனு போடவில்லை.

கார்கில்99
அவருடைய நம்பரைத் தேடிப் பிடியுங்கள். ஒரே சாட்சியம், இரண்டு மனுவாகப் போகட்டும்.

கணக்கர்
ஆரம்பித்துவிட்டார் சாப். இதைத்தான் முதல் பதிவில் பயந்தார்.