சோதனைக் கருவி ராஸ்பெரி பையில் மட்டும் தெரிவுகளை ஏற்க மறுக்கின்றது

வடலி (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்):
வணக்கம். எஃப்எஸ்எக்ஸ் (fsx) என்ற சோதனை நிரலைப் போன்று, ஒரு கோப்பில் எழுந்தமானமாக எழுதியும் வாசித்தும் அதைச் சுருக்கியும் விரித்தும், தரவு பழுதாகின்றதா என்று பார்க்கும் சிறிய கோப்புமுறைமைச் சோதனைக் கருவியொன்றைச் சி மொழியில் எழுதியுள்ளேன். மடிக்கணினியில் அது ஒழுங்காக ஓடுகின்றது. அதே மூல நிரலை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் தொகுத்தால், கட்டளையுடன் தெரிவு எதுவுமே கொடுக்காவிட்டாலும்கூட, பயன்பாட்டு விளக்கத்தை அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகின்றது. கட்டளை வரியை, அதிலுள்ள தெரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத்தரும் கெட்ஒப்ட் (getopt) சார்பு மூலமே வாசிக்கின்றேன். அது திருப்பும் பெறுமதியைச் சார் (char) என்ற ஒரு பைட் எழுத்து வகை மாறியொன்றில் இட்டு, மறை ஒன்று (-1) வரும்வரை வைல் சுழற்சியை நடத்துகின்றேன். மூன்று இரவுகளாக எஸ்டி அட்டையையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

முற்றம்:
அட்டையில் பிழை இல்லை. சார் வகை குறியுடையதா (மறை எண்களையும் ஏற்பதா) குறியற்றதா என்பதைச் சி மொழியின் நியமம் தொகுப்பியிடமே விட்டுள்ளது. லினக்சில் ஜிசிசி தொகுப்பி அதை இன்டெல் செயலிகளுக்குக் குறியுடையதாகவும் ராஸ்பெரி பையில் உள்ளவை போன்ற ஆர்ம் செயலிகளுக்குக் குறியற்றதாகவும் கொள்கின்றது. ஆகவே, தெரிவுகள் முடிந்துவிட்டன என்று அறிவிக்கக் கெட்ஒப்ட் திருப்பும் மறை ஒன்று, பையில் உங்கள் மாறிக்குள் 255 ஆகிவிடுகின்றது. 255 மறை ஒன்றுக்குச் சமனாகாததால் சுழற்சி நிற்காமல், சுவிட்ச் கூற்றில் வேறெதற்கும் பொருந்தாதவை செல்லும் டிஃபோல்ட் கிளைக்குள் விழுந்து விளக்கத்தை அச்சிடுகின்றது. மாறியை இன்ட் (int, முழு எண் வகை) என்று அறிவியுங்கள். கெட்ஒப்ட் திருப்புவதும் இன்ட் வகையே. சாரைக் குறியற்றதாக்கும் தெரிவைக் கொடுத்துத் தொகுத்தால், மடிக்கணினியிலேயே இந்த வழுவைக் காணலாம்.

கடலோரம்:
அந்தப் பகுதியைத் திறந்த கையோடு, கோப்பின் அளவை எப்படி வாசிக்கின்றீர்கள் என்பதையும் பாருங்கள். எழுத்துகளை எண்ணாக மாற்றும் ஏடோஐ (atoi) சார்பு இலக்கமல்லாத எழுத்தைக் கண்டதும் சத்தமின்றி நிறுத்திவிடும். தொடக்கத்தில் இலக்கமே இல்லாவிட்டால் 0 என்று திருப்பும். ஓடாமல் நிற்கும் கருவியைவிட, தவறான அளவில் ஓடி ‘சரி’ என்று சொல்லும் கருவியே எனக்கு அச்சமூட்டுகின்றது. ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஸ்ட்ர்டோல்எல் (strtoll) சார்பு கொண்டு வாசித்து, எண்ணுக்குப் பின் மிஞ்சிய பின்னொட்டைச் சோதித்து, அறியாத எழுத்து வந்தால் வழுச் செய்தியுடன் வெளியேறுங்கள். பெருக்கலை 64 பிட் மாறியில் செய்யுங்கள்: 2048 மெகாபைட் என்பது 2147483648 பைட், 32 பிட் இன்ட்டின் உச்சத்தைவிட அது சரியாக ஒன்று கூட.

வடலி:
இன்ட் ஆக மாற்றியதும் பையில் ஓடத் தொடங்கியது. இருவருக்கும் மிக்க நன்றி. அளவை ஏடோஐ கொண்டுதான் வாசித்திருந்தேன். மடிக்கணினியில் 64 மெகாபைட் என்ற பொருளில் ‘64எம்’ என்று கொடுத்துப் பெற்ற முடிவுகள் யாவும் 64 பைட் கோப்பில் நடந்தவை என்று இப்போது தெரிகின்றது. அவற்றை நீக்கிவிட்டு, இன்றிரவு மீண்டும் முதலிலிருந்து ஓடவிடுகின்றேன்.