“அளவுகோல்ல 3 அடின்னா தாராளமா இறங்கலாம்”னு எழுதுறவங்களுக்கு

கரைமேல்:
நேத்து புதுசா ஒருத்தர் வந்து, ஆத்துல குளிக்கலாமா வேணாமான்னு எதை வச்சு முடிவு பண்றதுன்னு கேட்டாரு. அதுக்கு ஆழம்பாத்தவன் சார் ஒரே வரில “அளவுகோல்ல 3 அடின்னா தாராளமா இறங்கலாம்”னு போட்டு முடிச்சிட்டாரு. படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. தண்ணி மட்டம் பாக்க ஆத்துல நட்டு வச்சிருக்கற அளவுகோல்ல இருக்கற சைபர் ஆத்தோட தரை கிடையாதுங்க, அது அளக்கறவங்க ஒரு மட்டத்துல வச்சுக்கிட்ட குறி, அவ்வளவுதான். 3ன்னு காட்டுறப்ப ஆழம் 1 அடியும் இருக்கலாம், 12 அடியும் இருக்கலாம். ஒரு ஆத்துல 3ன்னா சாதுவா ஓடும், இன்னொரு ஆத்துல அதே 3 வெள்ளம். அந்த வரிய நம்பி அவரு குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா யாரு பொறுப்பு?

ஆழம்பாத்தவன்:
22 வருஷமா ஒரே ஆத்துல தினம் காலைல இறங்கறவன் நான். 3 அடின்னா இறங்கலாம். நேத்தும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். நான் “என் எடத்துல”ன்னு தெளிவா போட்டிருக்கேன், அத வெட்டிட்டு மிச்சத்த மட்டும் தூக்கிட்டு வந்து சண்டைக்கு நிக்கறீங்க.

கரைமேல்:
“என் எடத்துல”ன்னு இல்ல. நான் படிச்சப்ப சத்தியமா இல்ல. கீழ “திருத்தப்பட்டது”ன்னு நிக்குது, நீங்களே போய்ப் பாருங்க.

ஆழம்பாத்தவன்:
எழுத்துப்பிழைய திருத்தினேன்.

ஒத்தைத்துடுப்பு:
எந்த 3ங்க? ஏறுற 3யா, வடியுற 3யா? அத ரெண்டு பேருமே பேசல. மேல எங்கயோ மழை கொட்டி தண்ணி ஏறும்போது சருகு, சுள்ளி, நுரை எல்லாம் மொத்தமா மிதந்து வரும், கலர் மாறும். வடியும்போது கரைல தண்ணிக்கு மேல ஈரப்பட்டை தெரியும். சந்தேகமா இருந்தா தண்ணி ஓரத்துல ஒரு குச்சிய நட்டுட்டு கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா போதும். ரெண்டும் அளவுகோல்ல ஒரே நம்பர்தான் காட்டும், ஆனா ஏறுற தண்ணில நான் படக இறக்கவே மாட்டேன்.

ஆழம்பாத்தவன்:
ஏறினா 4 ஆயிடுமே தம்பி, அப்பறம் எப்படி 3? 3ன்னா 3தான்.

வெள்ளிக்கெண்டை:
ஒத்தைத்துடுப்பு தண்ணிய பத்தி பாடம் எடுக்கறதப் பாத்தா சிரிப்புதான் வருது. தூண்டில் போட்டு உக்காந்திருக்கறவன் முன்னாடி குறுக்க படகு விடக்கூடாதுன்னு போன மாசம் நான் எழுதினப்ப “ஆறு என்ன உங்க சொத்தா”ன்னு கேட்டது யாரு, மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. மத்தபடி அளவுகோல பாத்து மீன் பிடிக்கறவன் எவனும் இல்ல. லேசா கலங்கின தண்ணில மீன் கரையோரம் ஒதுங்கும், வேகம் கொறஞ்ச மூலைல நிக்கும். விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தவிச்சா தண்ணில காத்து பத்தலைன்னு அர்த்தம், ராத்திரி பூரா பாசியும் செடியும் அத இழுத்துடும், அன்னைக்கு எவ்வளவு நல்ல இரை போட்டாலும் கடிக்காது. இத எந்த கோல் சொல்லும்?

ஒத்தைத்துடுப்பு:
அந்த விஷயத்துக்கு அன்னைக்கே வருத்தம் தெரிவிச்சாச்சு. உங்களுக்கு இன்னும் ஆறலைன்னா நான் என்ன பண்றது.

வெள்ளிக்கெண்டை:
“வருத்தம்”னு போட்டு கூடவே சிரிக்கற முகம் போட்டீங்க. அதுக்குப் பேரு வருத்தமா?

நுரைப்பூ:
தண்ணி அளக்கறதுக்காக ஆத்துல இறங்கறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஆழம் எத்தன அடி, வேகம் நொடிக்கு எத்தன அடி, ரெண்டையும் பெருக்கினா 10 தாண்டக் கூடாது. வேகம் தெரிய ஒரு சுள்ளிய போட்டுப் பாருங்க, 30 அடி தூரத்த 6 நொடில தாண்டுச்சுன்னா நொடிக்கு 5 அடி. ஆழம் 3ன்னா பெருக்கி 15, அங்க நிக்கவே முடியாது. வேகம் ரெண்டு மடங்கு ஆனா தண்ணி தள்ளற பலம் நாலு மடங்கு ஆயிடும், அதனாலதான் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல வர்ற வேகமான தண்ணியே ஆளப் பொரட்டிப் போடுது.

ஆழம்பாத்தவன்:
பாருங்க, மேடமே 3 அடின்னுதான் கணக்கு போடறாங்க. வேகம் நொடிக்கு 3ன்னு வச்சா 9 வருது, 10க்குள்ள. நான் சொன்னது சரியா வந்துருச்சா இல்லயா?

நுரைப்பூ:
ஐயோ சார், அது ஆழம் 3. நீங்க சொல்றது அளவுகோல் 3. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னுதான் முதல் பதிவே ஆரம்பிக்குது.

ஆழம்பாத்தவன்:
என் எடத்துல ரெண்டும் ஒண்ணுதான். 22 வருஷமா இடுப்பளவு. கண்ணால பாத்தாலே தரை தெரியும், கூழாங்கல்ல எண்ணிடலாம், அவ்வளவு தெளிவு.

கரைமேல்:
தெளிவா இருந்தா தரை மேல இருக்கற மாதிரி தெரியும் சார். நேர் மேலேர்ந்து பாத்தாலே உண்மையான ஆழத்துல முக்கால்வாசிதான் கண்ணுக்குத் தெரியும். உங்க கண்ணுக்கு 3ன்னா உள்ள 4. அதுவும் இல்லாம ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மணல் அரிச்சு எடம் மாறும், போன வருஷம் திட்டா இருந்தது இந்த வருஷம் மடு. அளவுகோல் பழைய எடத்துலயே நின்னு அதே 3ஐ காட்டிட்டு இருக்கும். என் சித்தப்பா மகன் அப்படிப்பட்ட மடுவுலதான் போனான். தெரிஞ்ச எடம்னு இறங்கினவன்தான் அவனும். அதனாலதான் விடாம எழுதறேன்.

ஆழம்பாத்தவன்:
உங்க வீட்டு இழப்புக்கு வருத்தம். ஆனா அத வச்சு என் அனுபவத்த பொய்ன்னு சொல்லாதீங்க. வீட்ல உக்காந்து படிச்சிட்டு எழுதறவங்களுக்கும் தண்ணில நிக்கறவனுக்கும் வித்தியாசம் இருக்கு. 3 அடின்னா இறங்கலாம்.

ஒத்தைத்துடுப்பு:
அந்த அளவுகோல் தடுப்பணை பக்கத்துல நிக்கற கோலா சார்? அப்படின்னா தடுப்பணைக்குக் கீழ தண்ணி சுருண்டு திரும்பி அணைப்பக்கமே இழுக்கும், மேல பாத்தா சும்மா நுரைக்கற மாதிரிதான் இருக்கும், லைஃப் ஜாக்கெட் போட்டவனையும் உள்ளயே உருட்டிட்டு இருக்கும். அங்க 3க்கும் 2க்கும் வித்தியாசமே கிடையாது.

ஆழம்பாத்தவன்:
நான் தடுப்பணைன்னு எங்கயாவது எழுதினேனா? இல்லாதத ஏன் கொண்டு வர்றீங்க?

நுரைப்பூ:
ஏரிக்கு என்ன பண்றது? அங்க 3 அடின்னா எதுல 3? கரைலேர்ந்து காத்து வெளிய அடிச்சா நிக்கற எடம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவுல போனா அலை வெள்ளை வெள்ளையா நொரைச்சிட்டு இருக்கும், திரும்பி வரும்போது எதிர்காத்துல துடுப்பு போட்டு கை விட்டுப் போயிடும். காத்து ஒதுக்கற கரைல பச்சை பெயின்ட் கொட்டின மாதிரி பாசி படிஞ்சிருந்தா குழந்தைங்க, நாய் எதையும் கிட்ட விடக்கூடாது. பெருமழை பெஞ்சா கழிவு கலந்திருக்கும், ரெண்டு நாளாவது தள்ளிப் போடணும்.

வெள்ளிக்கெண்டை:
ஏரிக்குத் தனியா ஒண்ணு ஆரம்பிங்க மேடம், இங்க ஆறு பத்தி ஓடிட்டு இருக்கு. அப்படியே ஒத்தைத்துடுப்பு சாரையும் அங்க கூட்டிட்டுப் போயிட்டா எங்களுக்கு நிம்மதி.

ஒத்தைத்துடுப்பு:
வரேன், ஆனா நீங்க தூண்டில் போடற எடத்து வழியாத்தான் வருவேன்.

ஆழம்பாத்தவன்:
எல்லாரும் சேந்து என்னை மடக்கிடலாம்னு பாக்கறீங்க. நாளைக்குக் காலைல இறங்கப் போறேன், கோல்ல 3 இருக்கறத போட்டோ எடுத்துப் போடறேன், நான் கரை ஏறி நிக்கறதையும் சேத்து.

கரைமேல்:
போட்டோ வேணாம். “என் எடத்துல”ங்கறத எத்தன மணிக்கு சேத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. கேள்வி கேட்டவரு அதுக்கு முன்னாடியே “நன்றி சார்”னு போட்டுட்டுப் போயிட்டாரு.

ஆழம்பாத்தவன்:
எழுத்துப்பிழைன்னு ஒரு தடவ சொல்லிட்டேன்.