55 கேன்க்ரி ஈ: ஒளி வளைவில் கடப்புப் பள்ளம் தெரியவில்லை, உதவி தேவை

கோள்தேடி எழுதியது:
வணக்கம். கல்லூரிச் செயல்திட்டத்துக்காக 55 கேன்க்ரி ஈ என்னும், வேறொரு விண்மீனைச் சுற்றும் சூடான மீப்புவியின் (புவியைவிடப் பெரிய கோள்) ஆரத்தைக் கணக்கிட முயல்கிறேன். விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் தரவை இறக்கி, மெதுவான ஏற்ற இறக்கங்களை நீக்கிச் சமன்படுத்தி, சுற்றுக்காலத்தை வைத்து மடித்து (எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி) பார்த்தால் வளைவு தட்டையாகவே இருக்கிறது. கோள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது விழ வேண்டிய பள்ளம் எதுவும் இல்லை. மூன்று இரவுகளாக இதே நிலைதான். பட்டியலில் உள்ள ஆரத்தைக் கொண்டு அடர்த்தியைக் கணக்கிட்டால் கன சென்டிமீட்டருக்கு 12 கிராம் வருகிறது, அது ஈயத்தையே மிஞ்சுகிறது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். எங்கே தவறு?

நிழல்மானி எழுதியது:
எந்த விண்கலத்தின் தரவு, எந்தச் சுற்றுக்காலம், சமன்படுத்த எவ்வளவு அகலமான சாளரம் (ஒரே நேரத்தில் சராசரி எடுக்கும் கால அளவு) என்ற மூன்றையும் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. இந்தக் கடப்பு ஒன்றரை மணி நேரம்தான் நீடிக்கும். உங்கள் சாளரம் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால், நீங்கள் தேடும் பள்ளத்தை நீங்களே நிரவிவிட்டிருப்பீர்கள்.

இரவுவானம் எழுதியது:
என் அனுபவத்தில் குற்றவாளி விண்மீனின் பிரகாசம்தான். நிலவில்லாத நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியக்கூடிய, ஏறக்குறைய ஆறாம் ஒளித்தர விண்மீன் அது. உணரியின் படப்புள்ளிகள் நிரம்பி வழிந்திருக்கும். வழிந்த ஒளியையும் சேர்த்துக் கணக்கிடும்படி அளவீட்டுப் பரப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

மாறிக்கோள் எழுதியது:
எனக்கு வேறு ஐயம். இந்தக் கோள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 2012க்கும் 2013க்கும் இடையில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அளந்தபோது அதன் பகல்பக்க வெப்ப ஒளி மூன்று மடங்குக்கும் மேல் மாறியிருந்தது. நீங்கள் எடுத்த காலத்தில் பள்ளமே மறைந்திருக்கலாம் அல்லவா?

மூத்த_உறுப்பினர் எழுதியது:
மாறிக்கோள் அவர்களே, மாறியது கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது ஏற்படும் குறைவு. தம்பி தேடுவதோ கோள் விண்மீனுக்கு முன்னால் வரும்போது விழும் நிழல். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆலோசனை சொல்ல வேண்டாம். தம்பி, ஒளி வளைவில் கை வைக்கும் முன் அடிப்படை நூல் ஒன்றையாவது படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. விண்மீனின் ஒளியில் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 330 பங்குதான் குறையும். அது கண்ணுக்குத் தெரியவில்லை என்று மூன்று இரவு விழித்திருந்து என்ன பயன்?

கோள்தேடி எழுதியது:
டெஸ் விண்கலத்தின் இரண்டு நிமிட இடைவெளித் தரவு. சாளரம் ஒரு நாள். சுற்றுக்காலம்தான் எல்லோருக்கும் தெரிந்ததாயிற்றே. அளவீட்டுப் பரப்பைப் பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

நிழல்மானி எழுதியது:
எல்லோருக்கும் தெரிந்தது எது என்பதுதான் கேள்வி. எண்ணைச் சொல்லுங்கள்.

கரிமவாதி எழுதியது:
இடையில் ஒன்று. அடர்த்தி 12 என்றால் இது வைரக்கோள் என்பது உறுதியாகிறதல்லவா? உள்ளே கரிமம் நிறைந்திருக்கலாம் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்ததே.

மூத்த_உறுப்பினர் எழுதியது:
தலைகீழாகச் சொல்கிறீர்கள். இரும்பும் பாறையும் மட்டும் இருந்தால் இந்த நிறைக்கு ஆரம் இவ்வளவு பெரிதாக இருக்காது என்பதால்தான், இலேசான கரிமத்தைக் கொண்டுவந்தார்கள். வைரத்தின் அடர்த்தி சாதாரண அழுத்தத்தில் 3.5 மட்டுமே. அடர்த்தி கூடினால் உங்கள் வைரக் கதை வலுவிழக்கும். தவிர, அந்த விண்மீனில் ஆக்சிஜனைவிடக் கரிமம் மிகுதி என்ற பழைய அளவீட்டை 2013இல் திருத்தி, ஆக்சிஜன்தான் மிகுதி என்று காட்டிவிட்டார்கள்.

கரிமவாதி எழுதியது:
கரிமமே இல்லையென்றால் 2024இல் ஜேம்ஸ் வெப் கண்ட வளிமண்டலத்தில் கார்பன் மோனாக்சைடோ கார்பன் டைஆக்சைடோ இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

நிழல்மானி எழுதியது:
அதற்கு வைரம் தேவையில்லை. விண்மீனிலிருந்து வெறும் 23 லட்சம் கிலோமீட்டரில் சுற்றும் கோளின் மேற்பரப்பு பாறைக்குழம்புக் கடலாக இருக்க வேண்டும். அந்தக் குழம்பிலிருந்தே அவ்வாயுக்கள் ஓயாமல் கசியலாம். வளிமண்டலம் வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கொண்டு செல்லாவிட்டால் பகல்பக்கம் 2,200 செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். வெப் அளந்ததோ ஏறக்குறைய 1,540. எனக்கு வைரத்தைவிட இந்த 660 பாகை வித்தியாசம்தான் சுவையாகத் தெரிகிறது. இதைத் தனி இழையில் பேசுவோம். கோள்தேடிக்கு வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

கோள்தேடி எழுதியது:
2.817 நாள். 2008இல் வெளியான கட்டுரையிலிருந்து எடுத்தேன். நிறை 2004இல் வெளியான கண்டுபிடிப்புக் கட்டுரையிலிருந்து, 14 புவி நிறை.

நிழல்மானி எழுதியது:
அதுதான் முள். கோளின் உண்மையான சுற்றுக்காலம் 0.7365 நாள், அதாவது பதினேழே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு எண்களையும் தலைகீழாக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு 0.3550 சுற்று, 1.3578 சுற்று. வேறுபாடு 1.0028, இது விண்மீன் நாளின் (விண்மீன்களை வைத்து அளக்கும் புவியின் ஒரு சுழற்சி) அலைவெண்ணான 1.0027ஐ ஒட்டியிருப்பது தற்செயல் அல்ல. தரையிலிருந்து பார்ப்பவர்கள் அந்த விண்மீனை இரவில் மட்டுமே, அதுவும் அது உயரத்தில் இருக்கும் சில மணி நேரங்களில் மட்டுமே அளக்க முடியும் என்பதால், இடைவெளியில் கோள் கூடுதலாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு வந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. குழல்விளக்கின் ஒளியில் வேகமான மின்விசிறி மெதுவாகச் சுழல்வதுபோல் தோன்றுமே, அதே ஏமாற்றுத்தான். 2010இல் டாசன், ஃபாப்ரிக்கி என்ற இரு வானியலாளர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தத் திருத்திய காலத்தை வைத்துத்தான் 2011இல் மோஸ்ட், ஸ்பிட்சர் ஆகிய இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளும் கடப்பைப் பிடித்தன. நீங்கள் 2.817இல் மடித்ததால், முப்பதுக்கும் மேற்பட்ட கடப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் வளைவு முழுதும் சிதறி, தட்டையாகிவிட்டன.

இரவுவானம் எழுதியது:
அப்படியானால் பிரகாசத்தைக் குற்றம் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் பரப்பைப் பெரிதாக வைப்பது நல்லதுதான்.

கோள்தேடி எழுதியது:
0.7365 வைத்து மடித்தேன். வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

நிழல்மானி எழுதியது:
மகிழ்ச்சி. ஆனால் அடர்த்தியை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆரத் திசைவேக வீச்சிலிருந்து (கோளின் ஈர்ப்பால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும் வேகத்தின் அளவு) நிறையைப் பெறும் கணக்கில் சுற்றுக்காலமும் இருக்கிறது. காலம் குறைந்தால் நிறையும் குறையும். இன்றைய மதிப்பு ஏறக்குறைய 8 புவி நிறை, ஆரம் 1.88 புவி ஆரம், அடர்த்தி 6.7 அளவில் வரும். அந்த 12ஐ அறிக்கையில் மாற்றிவிட்டீர்களா?

மூத்த_உறுப்பினர் எழுதியது:
இரண்டு நாளாயிற்று, பதில் இல்லை. தம்பி ஈயக்கோளையே ஒப்படைத்துவிட்டார் போலிருக்கிறது.